நான்காவது பீடம் இறுகவில்லை

பிசின் இறுகிவிட்டதா என்று யாராவது கேட்டால் நீங்கள் இப்போது திரையைத் திருப்பிக் காட்டுகிறீர்கள். கோடு மேலேறி, வளைந்து, சமமாகப் படுத்துவிட்டால் இறுகிவிட்டது என்று பொருள். கேட்டவருக்கும் திருப்தி. போன மாதம் நம் சோதனைக்கூடத்துக்கு வந்து அதைப் பார்த்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கிளம்பும்போது, புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். கருவியைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இன்று அது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு முறை, தவறான இடத்தில் கையெழுத்துப் போட இருந்த என்னை ஒருத்தி எப்படித் தடுத்தாள் என்பதை எழுதுகிறேன்.

நான் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். இளம்பிள்ளையில் நெசவுக் குடும்பம். சேலத்தில் பௌதிகம் படித்துவிட்டு, ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல், ஒரு சிநேகிதி சொன்னாளே என்று இங்கே விண்ணப்பம் போட்டேன். கூடத்தில் நான்தான் முதல் பெண். தலைவர் என் கையில் இரண்டு உருளைகளைக் கொடுத்து, "இதைக் கீழே போட்டுவிடாதே, இன்னொன்று வாங்க இரண்டு வருஷம் ஆகும்" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த முழுப் பயிற்சி.

அந்த உருளைகளில் ஒன்று நம் காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பும். மற்றது எதிர்ப்பக்கத்தில் அதை வாங்கும். நடுவே இருக்கும் பொருளைக் கடக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதை அவை இரண்டும் இணைந்த கருவிப் பெட்டி ஓர் எண்ணாகக் காட்டும். பிசின் கூழாக இருக்கும்போது ஒலி மெல்லப் போகும். இறுக இறுக வேகமாகப் போகும், எண் குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் குறைவது நின்றுவிடும். நின்றால் இறுகிவிட்டது என்று கருவியோடு வந்த கையேட்டில் போட்டிருந்தது. நானும் அப்படியே நம்பினேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் பிறகு நான் ஏன் அப்படித் தடுமாறினேன் என்பது உங்களுக்குப் புரியாது.

சேர்ந்த இரண்டாம் வருடம், குமாரபாளையம் பக்கத்தில் ஒரு நூற்பாலைக்கு அனுப்பினார்கள். மின்வெட்டுக் காலம். ஆலையின் பெரிய டீசல் எஞ்சினின் அடித்தளம் ஆட்டம் கொடுத்து, அதன் அடியில் எபாக்சி என்ற ரசாயனப் பிசின் ஊற்றியிருந்தார்கள். எஞ்சினை ஓட்டலாமா என்று நான் சொல்ல வேண்டும். எண் இறங்கவில்லை. "இன்னும் இறுகலைங்க, ஓட்டாதீங்க" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அந்த இரண்டு நாளும் மின்சாரம் போன நேரமெல்லாம் ஆலை நின்றது. ஷிஃப்டுக்கு வந்தவர்கள் கேட்டிலேயே திரும்பிப் போனார்கள். மூன்றாம் நாள் காலையில் உருளையின் முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். உருளைக்கும் பிசினுக்கும் இடையில் நான் தடவியிருந்த கிரீஸ், அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் சூட்டில் உருகி வழிந்திருந்தது. நடுவே இருந்தது காற்று. கிரீஸைப் புதிதாகத் தடவி வைத்ததும் எண் சரசரவென்று இறங்கியது. பிசின் முதல் நாளே இறுகியிருக்கிறது.

அந்த அடித்தள வேலையை எடுத்துச் செய்த மேஸ்திரி நாமக்கல் பக்கத்துக்காரர். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "போகுதுங்க அம்மிணி, ரெண்டு நாளு எங்களுக்கு ரெஸ்ட்டுன்னு வெச்சுக்கறோம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் என்னை உறங்கவிடவில்லை. அதற்குப் பிறகு எந்த எண் சந்தேகமாக வந்தாலும் முதலில் என்மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இனிப் பாலத்துக்கு வருகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம், பங்குனி மாதம். நாமகிரிப்பேட்டைக்கு அருகே ஓர் ஓடைப்பாலம். பெரிய பாலம் ஒன்றுமில்லை, ஆனால் மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரிகள் மண்டிக்குப் போக அதுதான் வழி. பாலத்தின் தளத்தை நான்கு பீம்கள் தாங்கின. தென்கரைச் சுவரின் மேல் அந்த பீம்கள் உட்காரும் நான்கு பீடங்களும் நொறுங்கிப்போயிருந்தன. வறண்ட ஓடைக்குள் ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கி, அதன்மேல் நான்கு ஜாக்கிகளை வைத்து, தளத்தின் அந்த முனையைச் சற்றே தூக்கி நிறுத்தியிருந்தார்கள். பழைய பீடங்களை உடைத்தெடுத்துவிட்டு, தகரத்தால் பெட்டி செய்து, அதற்குள் மணலும் எபாக்சியும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் கலந்து ஊற்றிப் புதிய பீடங்கள் ஆக்கினார்கள். அவை இறுகிவிட்டன என்று நான் எழுதிக் கொடுத்தால் ஜாக்கிகளை இறக்கித் தளத்தைப் பீடங்களின்மேல் உட்காரவைப்பார்கள். பாலம் திறந்துவிடும். இறுகாத பீடத்தில் இறக்கினால் அது நசுங்கி, தளம் ஜாக்கி ஆட்கள்மேலேயே சாயும். அதுவரை லாரிகள் ஓடைக்குள் போட்ட தற்காலிக மண்பாதையில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன.

வேலையின் பொறுப்பு ஓர் இளம் பொறியாளரிடம் இருந்தது. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். கூலிவேலையை எடுத்துச் செய்தவர் அதே நூற்பாலை மேஸ்திரி. என்னைப் பார்த்ததும், "வாங்க அம்மிணி, கிரீஸ் டப்பா கொண்டாந்தீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வேலையாட்களுக்கு நான் டீச்சரம்மா. படித்த பெண், கையில் நோட்டும் பேனாவும், அப்படியென்றால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும். இரண்டு முறை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை பகலில் நான்கு பீடங்களையும் ஊற்றி முடித்தார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தளத்தை இறக்குவது என்று முடிவு. நான் தினமும் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து, தகரப் பெட்டியின் இரண்டு பக்கமும் உருளைகளை அழுத்தி எண்களைக் குறித்துக்கொண்டு போனேன். முதல் மூன்று பீடங்களும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல இருந்தன. எண் இறங்கியது, புதன்கிழமை நின்றது, மூன்றிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. நான்காவதும் இறங்கியது, நின்றது. ஆனால் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

வியாழன் காலை ஏழு மணிக்கே நான் பாலத்தடியில் இருந்தேன். கிரீஸைத் துடைத்துப் புதிதாகப் பூசினேன். உருளைகளை இடம் மாற்றினேன். வயரை மாற்றினேன். மூன்றாவது பீடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே கையோடு நான்காவதில் வைத்தேன். தகரப் பெட்டிகளின் அகலத்தை அளந்தேன், நான்கும் ஒரே அகலம். எண் அசையவில்லை.

பொறியாளர் வந்தார். நோட்டைக் காட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"எண் மாறாம நின்னுட்டா இறுகிடுச்சுன்னுதானே மேடம் நீங்க சொன்னீங்க? இதுவும் நின்னுதானே இருக்கு?"

"நின்னுதான் இருக்கு சார். ஆனா மத்த மூணும் நின்ன இடத்துல நிக்கலை."

மேஸ்திரி ஒரு ஸ்பேனரால் தகரத்தைத் தட்டிக் காட்டினார். டப் என்று மந்தமான சத்தம். "கேட்டீங்களா சார்? தகரம் பிசினை உட்டு உப்பியிருக்குது. நடுவால காத்து. அதானுங்க அம்மிணி பொட்டி தப்பாக் காட்டுது. நாலுக்கும் ஒரே கெமிக்கல், ஒரே நாளு, ஒரே ஆளுங்க. இது மட்டும் எப்படிங்க இறுகாமப் போகும்?" பிறகு, என்னைக் காயப்படுத்த வேண்டும் என்ற எண்ணமில்லாமலே, "அன்னைக்கு மில்லுல நடந்ததுதானுங்க" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சாத்தியம். தகரம் விலகியிருந்தாலும் சத்தம் அப்படித்தான் கேட்கும். உள்ளே பிசின் கூழாக இருந்தாலும் அப்படித்தான் கேட்கும். மேல்பரப்பை நான் ஆணியால் கீறிப் பார்த்திருந்தேன், கல்லாக இருந்தது. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் தகரத்தை வெட்டிப் பீடத்தைக் குடைய வேண்டும். நல்ல பீடமாக இருந்துவிட்டால் அதை நாமே கெடுத்ததாகும். மறுபடி ஊற்றி, மறுபடி காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கத்தான் வழியில்லை. கிழக்கே கொல்லிமலைக்கு மேல் காலையிலிருந்தே கருத்துக்கொண்டிருந்தது. மலையில் ஒரு கோடைமழை பிடித்தால் ஓடையில் தண்ணீர் வர அதிக நேரம் ஆகாது. மண்பாதை போய்விடும் என்பது ஒரு பக்கம். ஜாக்கிகள் நிற்கும் கட்டை அடுக்கும் ஓடைக்குள்தான் இருந்தது. அடியில் மண் அரித்துவிட்டால் தூக்கி நிறுத்திய தளமே சரியும்.

பொறியாளர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம், நான் உங்களைக் கட்டாயப்படுத்தலை. இறக்கக்கூடாதுன்னா எழுதிக் கொடுங்க, நிறுத்திடறேன். தண்ணி வந்து அடுக்கு சரிஞ்சா அதுக்கும் காரணம் சொல்லணும். இறுகிடுச்சுன்னா அதையும் எழுதிக் கொடுங்க. ரெண்டுல ஒண்ணு."

பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. நான் திரும்பத் திரும்ப அதே உருளைகளை அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். இளையவர்களே, அந்த இரண்டு மணி நேரத்தில் நான் ஒரு புதிய விஷயத்தையும் தெரிந்துகொள்ளவில்லை. பயந்துபோனவர்கள் அப்படித்தான் செய்வார்கள். தெரிந்ததையே மறுபடி அளப்பார்கள்.

பன்னிரண்டு மணிக்கு நோட்டைத் திறந்து, "நான்காவது பீடம்: எண் நிலைத்துவிட்டது" என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. எண் நிலைத்துத்தான் இருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டால் பொறியாளர் அதை இறுகிவிட்டது என்று வாசித்துக்கொள்வார், கையேடும் என்னைக் காப்பாற்றும். இது எனக்கு நன்றாகத் தெரிந்தேதான் எழுதினேன். நூற்பாலைக் கேட்டில் திரும்பிப் போனவர்களின் முகம் கண்முன்னால் நின்றது. இன்னொரு முறை அப்படி ஆக எனக்குத் தைரியம் இல்லை.

"சாப்பிட்டுட்டு வந்து கையெழுத்துப் போட்டுத் தர்றேன் சார்" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஒரு மணிக்கு இறக்க ஆயத்தமாகும்படி மேஸ்திரியிடம் சொன்னார். ஜாக்கிக்கு ஓர் ஆள் வீதம் நான்கு பேர் தங்கள் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டார்கள்.

கரையோரப் புங்கமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிற்றாள் வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தி என்னிடம் வந்தாள். பெயர் பாவாயி. என் வயதுதான் இருக்கும். மணல் சலிப்பதும் பிசின் கலக்கிய டின்களைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும் அவள் வேலை. அதுவரை அவள் என்னிடம் பேசியதில்லை.

"ஏனுங்க டீச்சரம்மா, ஒரு பேச்சுப் பேசோணும். இங்க வேண்டாமுங்க. அப்படி ஓரமா வாரீங்களா?"

போனேன். கரையின் மறுபக்கம், வேலிமுள் புதருக்குள் கையைவிட்டு ஒரு டின்னை எடுத்தாள். பிசின் கலக்கும் டின். அடியில் விரற்கடை அளவுக்கு மிச்சம் ஒட்டியிருந்தது. டின்னைச் சாய்த்தாள். அது மெதுவாக, கெட்டித் தேன்போல ஒரு பக்கமாக நகர்ந்தது.

"இது திங்கக்கெழம கலக்குன டின்னுங்க. மத்த டின்னெல்லாம் மக்யாநாளே கல்லாட்டம் ஆயிப்போச்சு. உளி வெச்சுத்தான் பேர்த்தேன். இது மட்டும் இன்னைக்கு வரைக்கும் பாகாட்டமே கெடக்குதுங்க."

"எந்தப் பீடத்துக்கு ஊத்தினது இது?"

"நாலாவதுக்குங்க. அடியில ஊத்துனது." அவள் கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான்தானுங்க கலக்குனேன். மேஸ்திரிய இஞ்சினியரு கூப்புட்டாருன்னு மேல போனாரு. அந்த ஹார்டனரை மக்குல அளந்து வெச்சுட்டேன், எடுத்து ஊத்திக் கலக்குன்னு சொல்லீட்டுப் போனாருங்க. மக்கைத் தூக்கீட்டு வாரப்ப கட்டையில தடுக்கி உழுந்துட்டேன். பாதிக்கு மேல மணல்ல போச்சு. சொன்னா எங்க செட்டு ஆளுங்களையே வேண்டாம்னு அனுப்பிச்சுப் போடுவாங்கன்னு பயந்துட்டேன். மிச்சம் இருந்ததை ஊத்திக் கலக்கிக் குடுத்துட்டேனுங்க. அதுக்கு மேல ஊத்துன டின்னு மேஸ்திரி கலக்குனது, அது சரியாத்தான் இருக்கும்."

மேலே கல்லாக இருந்ததற்கும் எண் பாதியில் நின்றதற்கும் ஒரே வாக்கியத்தில் காரணம் கிடைத்துவிட்டது. பிசினுக்கு வேண்டிய ஹார்டனர் சேராவிட்டால் அது கொஞ்சம் இறுகிவிட்டு அப்படியே நின்றுவிடும். எத்தனை நாள் காத்திருந்தாலும் அதற்கு மேல் இறுகாது.

"மூணு நாளா ஏன் சொல்லலை பாவாயி?"

"அப்படியே இறுகிப்போயிரும்னு நெனச்சேனுங்க. தெனமும் வந்து டின்னைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாத்தேன்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப ஜாக்கிய எறக்கப் போறாங்கன்னாங்க. நாலாம் நம்பரு ஜாக்கியில எங்கண்ணன் நிக்கறானுங்க. அவன் இல்லாட்டியும் யாரோ ஒருத்தரு நிக்கத்தானே போறாங்க. நீங்க காலையில இருந்து அந்தப் பொட்டியையே சுத்திச் சுத்தி வந்தீங்களா, செரி, உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். அப்பறம் நீங்களும் சோத்துக்கு வந்துட்டீங்க."

நீங்களும் சோத்துக்கு வந்துட்டீங்க. அவள் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாக என்னிடம் சொன்னதில்லை.

டின்னை வாங்கிக்கொண்டேன். "உன் பேரைச் சொல்ல மாட்டேன்" என்றேன்.

பொறியாளரும் மேஸ்திரியும் ஜாக்கிகளின் அருகே நின்றிருந்தார்கள். நோட்டைத் திறந்து அவர்கள் எதிரிலேயே நான் எழுதிய வரியை அடித்தேன். அதன் கீழே, "நான்காவது பீடம் இறுகவில்லை. இறக்கக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அப்புறம் டின்னைச் சாய்த்துக் காட்டினேன்.

மேஸ்திரி டின்னுக்குள் விரலைவிட்டார். விரலோடு நூலாக வந்தது. அவர் முகம் சிவந்தது. "எந்த டின்னு இது? எவ இதை ஒளிச்சு வெச்சது?"

"யாருங்கறது அப்புறம் பாக்கலாம். முதல்ல தகரத்தை வெட்டிப் பாருங்க" என்றேன்.

"அதெப்படிங்க அம்மிணி, என்ற வேலையில..." என்று அவர் குரலை உயர்த்தியபோது, எனக்குப் பின்னாலிருந்து, "நான்தானுங்க" என்று கேட்டது. பாவாயி கரையிலிருந்து இறங்கி வந்து நின்றாள். என்னிடம் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், எல்லோருக்கும் முன்னால் திரும்பச் சொன்னாள். நான்காம் ஜாக்கியில் நின்ற அவள் அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பொறியாளர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மேஸ்திரியிடம், "தகரத்தை வெட்டுங்க" என்றார்.

மேஸ்திரி வேறு யாரையும் விடவில்லை. தானே உளியை எடுத்துக்கொண்டு ஏறினார். மேல்பாதியில் உளி துள்ளியது. கீழ்ப்பாதியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார், வெல்லத்துக்குள் இறங்குவதுபோல உளி இறங்கி நின்றது. அதைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிட்டு, இறங்கி வந்து மணலில் உட்கார்ந்துகொண்டார். "அளந்து வெச்சுட்டு நான் போயிருக்கப்படாதுங்க சார்" என்றார்.

பீடம் போயிற்று. மழைமேகம் போகவில்லை. தளத்தை இறக்கவும் முடியாது, தண்ணீர் வந்தால் கட்டை அடுக்கு நிற்குமா என்றும் தெரியாது. பொறியாளர் இப்போது தயங்கவில்லை. அடுக்கைச் சுற்றி மணல்மூட்டை போட்டு, வரும் தண்ணீரை வடக்குப் பக்கமாகத் திருப்பிவிடுவது என்றார். மணல் ஓடை நிறைய இருந்தது. அதைக் கட்டச் சாக்கு இல்லை.

மண்பாதையில் ஒரு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. திருச்செங்கோட்டு வண்டி. டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னங்க, எல்லாரும் இப்படி நிக்கறீங்க?" என்றார். மேஸ்திரி நடந்ததைச் சொன்னார். டிரைவர் வண்டியை அங்கேயே நிறுத்தினார். "மண்டிக்குக் காலிச் சாக்குத்தானுங்க போகுது. எடுத்துக்குங்க. மண்டிக்காரரு கேட்டா நான் பேசிக்கறேன்." தார்ப்பாயை அவரும் கிளீனருமாக அவிழ்த்தார்கள். கட்டுக் கட்டாகச் சாக்கு வந்து விழுந்தது.

அப்புறம் நடந்ததில் என் படிப்புக்கு வேலை இல்லை. நான் சாக்கின் வாயைப் பிடித்தேன், பாவாயி மண்வெட்டியால் மணலை வாரிப் போட்டாள். ஜாக்கி ஆட்கள் தூக்கினார்கள். வழியில் போன சைக்கிள்காரர்களும் மஞ்சள் மூட்டை லாரிகளின் சுமையாட்களும் யாரும் கேட்காமலே இறங்கி வந்தார்கள். மூன்று மணிக்கு முதல் தூறல். நான்கு மணிக்கு ஓடையில் செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. மண்பாதையைக் கண்முன்னாலேயே கரைத்துக்கொண்டு போயிற்று. மணல்மூட்டை வரிசையில் முட்டி, திரும்பி, வடக்குப் பக்கமாக ஓடியது. அடுக்கின் ஓரத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. பொறியாளர் அந்தத் தண்ணீருக்குள் நின்றபடி, ஒவ்வொரு ஜாக்கியாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறு மணிக்குத் தண்ணீர் வடிய ஆரம்பித்தது. அடுக்கு அசையவில்லை.

பெண்கள் கரையில் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். பொறியாளர் அவர்கள் இருந்த பக்கமாக வந்தார். பாவாயி எழுந்து நின்றாள். "நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் பாவாயி உட்கார்ந்து அழுதாள். அவள் அண்ணன் பக்கத்தில் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய மண்வெட்டியை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

நான்காவது பீடத்தை மேஸ்திரி தன் கையாலேயே உடைத்து எடுத்தார். புதிதாக ஊற்றிய அன்று ஹார்டனர் மக்கைப் பாவாயியிடம் நீட்டி, "நீயே கலக்கு" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று அவள் என்னைப் பார்த்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எண் இறங்கி, மற்ற மூன்றும் நின்ற இடத்திலேயே வந்து நின்றது. ஒரு வாரம் தாமதமாகத் தளம் இறங்கியது. அந்த ஒரு வாரமும் லாரிகள் ராசிபுரத்தைச் சுற்றிக்கொண்டு போயின, டிரைவர்கள் எங்களைத் திட்டிக்கொண்டே போனார்கள். சாக்குக் கொடுத்த டிரைவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

சேலம் திரும்பி அறிக்கை எழுதினேன். "மீயொலிச் சோதனையின் மூலம் குறை கண்டறியப்பட்டது" என்று எழுதினேன். தலைவர் பாராட்டினார். சோதனைக்கூடத்தின் பெயர் நாலு இடத்தில் பரவியது, என்னை வெளி வேலைகளுக்குத் தனியாக அனுப்ப ஆரம்பித்தார்கள். அறிக்கையில் பாவாயிக்கு இடமில்லை. அவள் பெயரை எழுதினால் அவளுக்குத்தான் கெடுதல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் எழுதாதது எனக்கு வசதியாகவும் இருந்தது. என் கருவி கண்டுபிடித்தது என்பது பாதிதான். கருவி சொன்னது, நான் காதில் வாங்கவில்லை. வாங்கவைத்தவள் அவள். வேலையே போகும் என்று தெரிந்து வந்து சொன்னாள். நான் மறுபடியும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் கையெழுத்துப் போட இருந்தேன், அவள் அதைவிடப் பெரிய பயத்தோடு நடந்து வந்து உண்மையைச் சொன்னாள்.

இரண்டு வருடம் கழித்து வாழப்பாடிப் பக்கம் இன்னொரு பாலத்துக்குப் போனேன். அதே மேஸ்திரி. பிசின் கலக்கும் இடத்தில் பாவாயி, அவளுக்குக் கீழே மூன்று பெண்கள். பார்த்த சந்தோஷத்தில் நான் வேகமாகப் பக்கத்தில் போனேன். அவள் மக்கைக் கண் உயரத்துக்குத் தூக்கி அளவுக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பவில்லை. "வெளிச்சத்தை மறைக்காதீங்க டீச்சரம்மா, தள்ளி நில்லுங்க" என்றாள். ஊற்றிக் கலக்கி முடித்த பிறகுதான் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்று மதியம் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் கொண்டுவந்த களியில் பாதியை எனக்குப் போட்டாள், என் புளிச்சாதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த முறை சேலம் திரும்பியதும் நம் சோதனைப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லித் தலைவரிடம் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். முதன்முதலாக அவரிடம் முழுக் கதையையும், நான் எழுதி அடித்த அந்த வரி உட்பட, சொன்னேன். அவர் படிவத்தை எடுத்துத் தன் கையாலேயே கோடு போட்டார். இன்று உங்கள் கணினியிலும் அது இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். கடைசிக்கு முந்தைய கட்டம்: "கலந்தவரிடம் நேரில் விசாரித்தது."

போன மாதம் வந்தபோது பழைய படிவங்கள் சிலவற்றைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் அந்தக் கட்டத்தில் "ஆம்" என்று இருந்தது. இருபது படிவம், இருபது "ஆம்". உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று யாரும் உங்களுக்குச் சொன்னதில்லை. இனிமேல் அங்கே "ஆம்" என்று எழுதாதீர்கள். கலந்தவருடைய பெயரைக் கேட்டு, அந்தப் பெயரை எழுதுங்கள்.